ஒகினாவா டைவிங்: ஒரே வாரத்தில் மான்டா, சுத்தியல் தலைச் சுறா, யோனகுனி எல்லாம் முடியுமா?

அலை_அருண்

வணக்கம் மக்களே. ஆகஸ்ட்டில் ஒரு வாரம் ஒகினாவா போகலாம் என்று நாங்கள் நான்கு பேர் பேசி வைத்திருக்கிறோம். நானும் மைத்துனனும் ஓப்பன் வாட்டர் (முதல் நிலை டைவிங் பயிற்சி) முடித்தவர்கள், புதுச்சேரியிலும் அந்தமானிலும் டைவ் செய்திருக்கிறோம். நண்பன் ஒருவன் அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு. மனைவிக்கு நீச்சல் தெரியாது, ஆனால் ஒரு தடவையாவது தண்ணீருக்கு அடியில் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள்.

திட்டம் இது: ஒகினாவாவின் தலைநகர் நாகாவில் இறங்கி கெராமா தீவுகளில் ஒரு நாள். அப்புறம் இஷிகாகி தீவுக்குப் போய் மான்டா திருக்கை. அங்கிருந்து யோனகுனி தீவு, கடலடிக் கல் அமைப்பும் சுத்தியல் தலைச் சுறாக் கூட்டமும். திரும்ப நாகா வந்து எம்மன்ஸ் என்கிற மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல். கடைசி நாள் காலையில் நீலக் குகை, மாலையில் ஊருக்கு விமானம். கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மீன்கொத்தி

நெருக்கம் எல்லாம் இல்லை அருண், இது நடக்கவே நடக்காது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

ஒகினாவாவில் இன்று எங்கே டைவ் செய்யலாம் என்று தீர்மானிப்பது காற்று. கோடையில் தெற்கிலிருந்து அடிக்கும், குளிர்காலத்தில் வாடைக்காற்று. இஷிகாகியில் மான்டா வரும் இடம் கபிரா பக்கம், தீவின் வடக்குக் கரை. தென்காற்று மாதங்களில் தீவே அதற்கு மறைப்பு, கடல் அடங்கிக் கிடக்கும், படகு போகும். வாடை கிளம்பிவிட்டால் மான்டா இருந்தாலும் படகு அங்கே நிற்க முடியாது. யோனகுனியின் கல் அமைப்பு தெற்குக் கரையில் இருக்கிறது, அதற்குக் கணக்கு நேர் தலைகீழ்: வாடை மாதங்களில்தான் அந்தப் பக்கம் அமைதி. சுத்தியல் தலைச் சுறாக்கள் கூட்டமாக வருவதும் குளிர்காலத்தில்தான், டிசம்பர் முதல் மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக நீங்கள் ஒரே வாரத்துக்குள் அடுக்கியிருப்பது இரண்டு வேறு பருவங்களை.

இன்னொன்று விமானம். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் டைவ் செய்தாலோ தொடர்ந்து சில நாட்கள் செய்தாலோ, கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஒரே ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரம். காலையில் நீலக் குகை, மாலையில் விமானம் என்பதை அடித்துவிடுங்கள். நாகாவிலிருந்து இஷிகாகி போவதும் இஷிகாகியிலிருந்து யோனகுனி போவதும்கூட விமானம்தான், இதை யாரும் யோசிப்பதில்லை. தீவு மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு டைவிங் நாள் போய்விடும். உங்கள் பட்டியலில் நாகா, இஷிகாகி, யோனகுனி, மறுபடி நாகா. கூட்டிப் பார்த்தால் தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிட விமான நிலையத்தில் இருக்கும் நேரம் அதிகம்.

ஒரு தீவுக் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று.

நாகாவாசி

சில வருடங்களாக நாகாவில் இருக்கிறேன். மீன்கொத்தி சொன்னதோடு புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை டைஃபூன் வரலாம், ஆகஸ்ட்டும் செப்டம்பரும்தான் உச்சம். புயல் தலைக்கு மேல் வந்தால்தான் பிரச்சினை என்று நினைக்காதீர்கள், அது பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே எங்கோ இருக்கும்போதே இங்கே பெரிய அலை வந்து சேர்ந்துவிடும். முதலில் கெராமா போகும் படகை நிறுத்துவார்கள். அதிவேகப் படகு முதலில் ரத்து, பெரிய ஃபெர்ரி அதற்குப் பிறகு. தீவில் மாட்டிக்கொண்டால் இரண்டு மூன்று நாள் வெளியே வர முடியாது, கடையில் ரொட்டியும் பாலும் தீர்ந்துபோகும். திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு சின்னத் தீவில் தங்கவே தங்காதீர்கள், நாகாவுக்கு வந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் நடுவில் ஓபொன் விடுமுறை வேறு. ஜப்பானில் பாதிப் பேர் பயணத்தில் இருப்பார்கள், விலை எல்லாம் ஏறியிருக்கும். அதே காரணத்துக்காக ஏப்ரல் கடைசி, மே முதல் வாரமும் வேண்டாம். மே இரண்டாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய ஜூன் 20 வரை மழைக்காலம்.

என்னைக் கேட்டால் அக்டோபர். தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும், மான்டாவுக்கு நல்ல மாதம், கூட்டம் குறைவு.

மீன்கொத்தி

நாகாவாசி, அக்டோபரில் எனக்கு உடன்பாடில்லை. மாதம் பாதி தாண்டினால் வாடை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும், ஒரு வாரப் பயணத்தில் மூன்று நாள் வட கரை போச்சு என்றால் வேறு என்ன செய்வது? மழைக்காலம் முடிந்த கையோடு, ஜூன் கடைசி வாரம். தென்காற்று நிலையாக இருக்கும், ஜப்பானியப் பள்ளிகளுக்கு விடுமுறை ஆரம்பித்திருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும், தண்ணீருக்குள் வெளிச்சம் அப்படி இறங்கும். மான்டா கண்டிப்பாக வரும் என்று சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்கு மான்டாவைவிட அமைதியான கடல் முக்கியம்.

நாகாவாசி

ஜூன் கடைசியில் மழைக்காலம் பத்து நாள் நீண்டுவிட்டால்? விமானச் சீட்டை மாற்ற முடியுமா? வாடை வந்தாலும் தெற்குக் கரை இருக்கிறது, மழை வந்தால் எல்லாக் கரையிலும் மழைதான். சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, அருணே முடிவு செய்யட்டும்.

கஞ்சன்_கணேசன்

ஒரு சின்னக் கேள்வி, யாரும் அடிக்க வராதீர்கள். இவ்வளவு காசு கொட்டி விசா எடுத்து ஜப்பான் போய்க் காற்று மாறுமா மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதற்கு அந்தமானிலேயே ஹேவ்லாக்கில் நான்கு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வரலாமே? அங்கேயும் பவளப்பாறை, அங்கேயும் ஆமை.

மீன்கொத்தி

நியாயமான கேள்வி. மீன் பார்க்க மட்டும் என்றால் அந்தமான் போதும், நானே அதைத்தான் சொல்வேன். ஒகினாவாவின் விசேஷம் தண்ணீரின் தெளிவு. குரோஷியோ என்ற சூடான பெருங்கடல் நீரோட்டம் பக்கத்திலேயே ஓடுகிறது. பெரிய ஆறுகள் இல்லாத சின்னத் தீவுகளில் மண் கலங்கி வருவதும் குறைவு. கெராமாவில் நல்ல நாளில் 30 மீட்டர் வரை தெரியும். அப்புறம் பவளம். 26 டிகிரி வட அட்சத்தில் இவ்வளவு வகைப் பவளம் இருக்கிறது என்றால் அதற்கும் அந்தச் சூடான நீரோட்டம்தான் காரணம். கெராமாவை 2014 மார்ச் 5 அன்று தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

எல்லா இடமும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஷிகாகிக்கும் இரியோமோதேவுக்கும் நடுவில் இருக்கும் செகிசெய் கடற்பரப்பு ஜப்பானின் மிகப் பெரிய பவளத் திட்டு. 2016 கோடையில் கடல் சூடேறி வெளுத்து, அங்கே ஏறக்குறைய 70 சதவீதப் பவளம் செத்தது என்று அவர்களுடைய சுற்றுச்சூழல் அமைச்சகமே கணக்குச் சொன்னது. இணையத்தில் கிடக்கும் பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதே காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஆழம்

எம்மன்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. அருண், அந்த டைவ் உங்களுக்கும் மைத்துனனுக்கும் இல்லை. ஓப்பன் வாட்டருக்கு எல்லை 18 மீட்டர், அட்வான்ஸ்டுக்கு 30. எம்மன்ஸ் கிடப்பது 40 மீட்டர் சுமாருக்கு, பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசிக் கோட்டில். கோரி தீவுக்குப் பக்கத்தில் திறந்த கடல், நீரோட்டம் நன்றாக இழுக்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கீழே உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். உங்கள் அட்வான்ஸ்டு நண்பரும் ஆழத்தில் பழக்கம் இருந்தால் மட்டும் கேட்டுப் பார்க்கட்டும், நல்ல கடைக்காரர் முதலில் வேறு ஓர் இடத்தில் அவரைக் கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டுத்தான் சம்மதிப்பார்.

இன்னொரு விஷயம். 1945 ஏப்ரல் 6 அன்று காமிகாஸே என்ற ஜப்பானியத் தற்கொலைப்படை விமானங்கள் மோதி 60 பேர் அந்தக் கப்பலில் செத்துப்போனார்கள், மறுநாள் அமெரிக்கக் கடற்படையே அதை மூழ்கடித்தது. அது ஒரு கல்லறை. உள்ளே நுழைவது, எதையாவது தொட்டு எடுப்பது, மேலே உட்கார்ந்து படம் பிடிப்பது எல்லாம் வேண்டாம்.

பவளமல்லி

அருண் அண்ணா, உங்கள் மனைவிக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லோரும் சுறாவையும் கப்பலையும் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கும் நீச்சல் சுமார்தான்.

முதல் அனுபவத்துக்கு நீலக் குகையை வேண்டாம் என்பேன். ஒன்னா கிராமத்தில் மாயேதா முனை, படிக்கட்டில் இறங்கி நேரே கடலுக்குள் போக வேண்டும். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அந்தப் படியில் இறங்குவதற்குள் பாதித் தைரியம் கரைந்துவிடும். விடுமுறை நாட்களில் குகை வாசலில் வரிசையே நிற்கும், முன்னால் போகிறவர் காலில் மாட்டியிருக்கும் துடுப்பு (ஃபின்) முகத்தில் படும். கடல் கொஞ்சம் புரண்டாலும் அங்கே இறங்கத் தடை போட்டுவிடுவார்கள். படங்களில் தெரியும் அந்த நீல வெளிச்சம் உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் தடவை மூச்சு எப்படி விடுவது என்றே யோசித்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சத்தை ரசிக்க யாருக்கு மனம் வரும்?

கெராமாவில் உள்ள ஸமாமி தீவுக்குப் போங்கள். நாகாவின் தோமாரி துறையிலிருந்து அதிவேகப் படகில் ஒரு மணி நேரம் போல. மணல் தரையில் சின்ன ஆழத்தில் அறிமுக டைவ் தருகிறார்கள், அறிமுக டைவில் 12 மீட்டரைத் தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது, நடைமுறையில் அதில் பாதிகூடப் போக மாட்டார்கள். அதுவே போதும். டைவே வேண்டாம் என்று மனம் மாறினாலும் அங்கே ஆமா என்று ஒரு கடற்கரை, பச்சை ஆமைகள் மேய வரும், லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்கெல் (மூச்சுக் குழாய்) போட்டு மிதந்தபடி பார்க்கலாம். ஆமையைத் தொடவோ துரத்தவோ கூடாது.

காது விஷயம் முக்கியம். வலித்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதக்கூடாது, வலி வருவதற்கு முன்பே, இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் மெதுவாகச் சமன் செய்ய வேண்டும். சளி இருந்தால் அன்று இறங்கக் கூடாது. ஊரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகிவிட்டு வரச் சொல்லுங்கள், பயத்தில் முக்கால்வாசி அதோடு போய்விடும்.

டாக்டர்_நண்டு

பவளமல்லி சொன்னதோடு மருத்துவப் படிவத்தையும் சேர்க்கிறேன். ஜப்பானில் இதை மிகக் கறாராகப் பார்ப்பார்கள். ஆஸ்துமா, இதயம், ரத்த அழுத்தம், வலிப்பு, காது அறுவை என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். மருத்துவர் சான்று தேவைப்படும் கேள்வியில் ஒரு ஆம் விழுந்தாலும் சான்று இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள், அங்கே போய் நின்றுகொண்டு கெஞ்சிப் பயனில்லை. பதிவு செய்யும்போதே கடையிலிருந்து படிவத்தை வரவழைத்து, தேவை என்றால் ஊரிலேயே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பொய்யாக எல்லாவற்றுக்கும் இல்லை போடுவது இன்னும் மோசம். ஆஸ்துமா உள்ளவர் மேலே ஏறும்போது நுரையீரலில் காற்று சிக்கினால் என்ன ஆகும் என்று இங்கே விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

காப்பீடு: சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஆழ வரம்பு போட்டிருப்பார்கள். சின்ன எழுத்தைப் படியுங்கள். டான் (DAN) என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பின் டைவிங் காப்பீடு போல இதற்கென்றே இருப்பதை எடுப்பது நல்லது. டைவிங் நோய்க்குத் தரும் அழுத்த அறைச் சிகிச்சைக்கும் தீவிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோவதற்கும் ஆகும் செலவு உங்கள் மொத்தப் பயணச் செலவைவிடப் பல மடங்கு இருக்கும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கரையோரத்தில் ஹாபு ஜெல்லி மீன் உண்டு, கொடிய விஷம். கொட்டினால் தேய்க்காமல் வினிகர் ஊற்ற வேண்டும், கடற்கரைகளில் வைத்திருப்பார்கள். வலை கட்டிய பகுதிக்குள் குளியுங்கள். நீல நிறப் பை போல மிதக்கும் போர்த்துக்கீசிய மேன் ஆஃப் வார் கொட்டினால் மட்டும் வினிகர் கூடாது, கடல் நீரால் கழுவ வேண்டும்.

தொல்லியல்_தோழன்

யோனகுனியை விட்டுவிட்டால் எப்படி! 1986இல் அராதாகே கிஹாசிரோ என்ற உள்ளூர் டைவர் சுறா பார்க்க இடம் தேடிப் போனபோது கண்டுபிடித்தது. படிப் படியாக வெட்டிய மாதிரி பாறை, நேர்க்கோட்டு விளிம்புகள். ரியூக்யூ பல்கலைக்கழகத்தின் கிமுரா மசாகி மனிதர் செதுக்கியது என்கிறார். கடலுக்கடியில் போன பழைய நாகரிகம் என்றால் நமக்கும் ஒரு…

மீன்கொத்தி

குமரிக்கண்டத்தை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம் தோழரே, கும்பிட்டுக் கேட்கிறேன். அது மணற்பாறை. அப்படிப்பட்ட பாறை இயல்பாகவே நேர்க்கோட்டில் பிளக்கும், நிலநடுக்கம் அதிகம் உள்ள இடம் வேறு. ராபர்ட் ஷோக் என்ற அமெரிக்க நிலவியலாளர் தானே இறங்கிப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் இயற்கை என்றுதான் சொன்னார், அவர் எகிப்தின் ஸ்ஃபிங்ஸ் சிலைக்கே வயதைக் கூட்டிச் சொன்னவர். ஜப்பான் அரசும் அதைத் தொல்லியல் சின்னமாக ஏற்கவில்லை. இயற்கையோ செயற்கையோ, அந்தப் படிகளுக்கு நடுவில் நீந்துவது பிரமாதமான அனுபவம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீரோட்டம் கடுமை, சுறா டைவில் கீழே தரையே தெரியாது, நடுக்கடலில் நீலத்துக்குள் மிதந்துகொண்டே போக வேண்டும், படகு உங்களைத் தேடி வந்து ஏற்றும். மிதப்புக் கட்டுப்பாடு கைவந்த பிறகு, ஒரு பிப்ரவரியில், தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அப்போது குளிர்ந்திருக்கும், 5 மில்லிமீட்டர் வெட்சூட்டோடு (ரப்பர் டைவிங் உடை) தலைமூடியும் வேண்டும்.

இஷிகாகியிலிருந்து ஃபெர்ரியில் போகலாமே என்று யாராவது கேட்பதற்கு முன்: நான்கு மணி நேரம், வாரத்தில் சில நாள்தான், கடல் ஆட்டத்தில் அந்தப் படகுக்கு உள்ளூரிலேயே வாந்திக் கப்பல் என்று பட்டப்பெயர்.

சைவ_சாமி

சாப்பாடு? நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன்.

நாகாவாசி

கஷ்டம், பூசி மெழுக விரும்பவில்லை. காய்கறி மட்டும் தெரியும் குழம்பிலும் கட்சுவோ மீன் சாறு இருக்கும், ஒகினாவா சோபா என்ற நூடுல்ஸில் பன்றி எலும்புச் சாறு. பாகற்காய் இங்கே ஊர்க் காய், கோயா சம்புரு என்று டோஃபுவோடு வதக்கித் தருவார்கள், பெயரைக் கேட்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள், அதில் பன்றி இறைச்சியும் முட்டையும் உண்டு. சமையலறை உள்ள தங்குமிடம் எடுங்கள். நாகா சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, டோஃபு, பாகற்காய், ஊதா சர்க்கரைவள்ளி எல்லாம் கிடைக்கும். பருப்பும் மிளகாய்த்தூளும் புளியும் ஊரிலிருந்து கொண்டு வாருங்கள். அந்த ஊதாக் கிழங்கைப் பச்சையாக ஒகினாவாவுக்கு வெளியே எடுத்துப்போகத் தடை, வண்டு பரவும் என்பதால். பிஸ்கட்டாகவோ கேக்காகவோ வாங்கிப் போங்கள்.

வண்டி எடுப்பதாக இருந்தால் இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி செல்லும், நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். கெராமா மட்டும் என்றால் வண்டியே வேண்டாம், விமான நிலையத்திலிருந்து மோனோரயிலில் மியேபாஷி வந்து தோமாரிக்கு நடந்துவிடலாம்.

அலை_அருண்

எல்லோருக்கும் நன்றி, வீட்டில் உட்கார்ந்து முழு இழையையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மைத்துனனுக்குச் சுறா போனதில் வருத்தம், மனைவிக்கு ஆமை வந்ததில் சந்தோஷம். ஆகஸ்ட்டைக் கைவிட்டாயிற்று. அக்டோபர் முதல் வாரம், நாகாவும் ஸமாமியும் மட்டும். முதல் நாள் நாகாவில் ஓய்வு. பிறகு நான்கு இரவு ஸமாமி, தினமும் இரண்டு டைவ், நடுவில் ஒரு நாள் மனைவியோடு எல்லோரும் ஸ்நார்கெல். அப்புறம் நாகா திரும்பி ஒரு முழு நாள் டைவ் இல்லாமல் ஊர் சுற்றிவிட்டு மறுநாள் விமானம். நண்பன் எம்மன்ஸ் கேட்கவில்லை, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறான். மான்டாவுக்கு ஒரு நாள் இஷிகாகி போய் வர முடியாதா என்ற கேள்வியை நானே விழுங்கிவிட்டேன்.

மீன்கொத்தி

விழுங்கியது நல்லது. மாதம் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் திட்டம் உருப்படி. கெராமாவில் தீவுகள் அடுத்தடுத்து இருப்பதால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மறைவான ஓர் இடம் கிடைத்துவிடும், அக்டோபருக்கு அதுதான் சரியான இடம். திரும்பும் ஃபெர்ரி ரத்தானால் அந்த டைவ் இல்லாத நாள் கைகொடுக்கும். நைட்ராக்ஸ் கடைக்குக் கடை மாறும், சின்னத் தீவில் முன்பே சொல்லாவிட்டால் இருக்காது.

நாகாவாசி

படகில் இரண்டு டைவ் பெரும்பாலும் 15,000 முதல் 20,000 யென் வரை ஆகும், வாடகைச் சாமான் தனி. சின்னத் தீவுக் கடைகள் சிலவற்றில் ரொக்கம் மட்டுமே வாங்குவார்கள், நாகாவிலேயே பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது நான்கு பேரின் உயரம், எடை, செருப்பு அளவு மூன்றையும் அனுப்புங்கள், செருப்பு அளவு சென்டிமீட்டரில். பெரிய வெட்சூட்டும் பெரிய ஃபின்னும் சின்னக் கடைகளில் ஒன்றிரண்டுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் யாராவது இருந்தால் பவரும் எழுதுங்கள், பவர் மாஸ்க் எடுத்து வைப்பார்கள்.

அலை_அருண்

மைத்துனனுக்கு 30 சென்டிமீட்டர் கால், எடை 104. இருக்குமா?

நாகாவாசி

ஃபின் கிடைத்துவிடும். வெட்சூட்டை அவர் ஊரிலேயே வாங்கிக்கொண்டு வரட்டும்.